பயன்பாடு என்ற கட்டம்

கீரிப்பாறை தாண்டி ஜீப் நின்றுவிட்டது.
மீதி ஒன்றரை மைல் நடை.
பையில் அளவு நாடா, படிவம் மூன்று பிரதி,
அட்டைக்குப் புகையிலைத்தூள்.

முன்னால் நடந்தவர் ஈச்சன் காணி,
வேட்டைத் தடுப்புக் காவலர்.
வேட்டைக்கென்று கட்டிய வீட்டின் சாவி
தன் இடுப்பில் தொங்குவதை
அவர் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை.
"பூட்டு துருப்பிடிச்சாச்சு. தள்ளினாலே திறக்கும்."

கருங்கல் சுவர். தேக்கு உத்திரம்.
நீளம் அறுபத்திரண்டு அடி, அகலம் முப்பது.
முகப்புத் தூணில் ஆனை கட்டிய வளையம்.
அதிலிருந்து ஒரு கொடிக்கயிறு,
கயிற்றில் காக்கிக் கால்சட்டை ஒன்று
மூன்று நாளாகக் காயாமல் கிடக்கிறது.

கூடத்தில் பதினொரு ஆணிகள்,
கை எட்டாத உயரத்தில்.
மகாராஜா வந்தது இரண்டே முறை.
மூன்றாம் முறை மழை; பல்லக்கு பாதிவழியில் திரும்பியது.
அவர் தூங்கினால் பள்ளிக்குறுப்பு.
அவர் சுட்டு மிளா விழுந்தால் பள்ளிவேட்டை.
பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் முப்பத்தேழு பேருக்கு
வெறும் பள்ளி.
கொம்பு கழற்றிய ஆணிகளில் தூக்குச்சட்டிகள்;
வாத்தியார் ஸ்டூல் போட்டு ஏறி
மாட்டிக் கொடுப்பாராம்.

"பள்ளிக்கூடம் பின்னயாக்கும்.
முன்ன ரப்பர் புகைபோட்ட கூடம்,"
என்றார் ஈச்சன்.
"ரெண்டும் ஒண்ணாத்தான் நடந்துது.
மூக்கப் பொத்திக்கிட்டு வாய்ப்பாடு சொன்னவ நான்,"
என்றாள் ரோஸ்லெட், கட்டன்சாயா ஊற்றியபடி.
பால்வெட்டு முடிந்த மதியங்களில்
காவலர்களுக்குச் சமைக்கிறவள்.
சுவரைச் சுரண்டி மோந்து பார்த்தேன்.
இன்னும் புகை.

பிறகு குளியலறை.
படிவத்தில் அதற்கு இடமே இல்லை.
பீங்கான் தொட்டி, ஆறடி நீளம்,
நாலு கால், ஒவ்வொன்றும் புலிப்பாதம்.
காணிக்காரர் பதினாறு பேர் சுமந்து ஏற்றினார்களாம்.
ஒரு துரை ஒரே ஒரு நாள் குளித்தாராம்.
கூலி?
"உப்பு," என்றார் ஈச்சன்.
அதற்கு மேல் சொல்லவில்லை.

அதில்தான் ரப்பர் பாலை ஊற்றி ஆசிட் விட்டார்கள்.
தொட்டியின் வடிவத்திலேயே உறைந்து வந்த கட்டியைப்
பார்த்து ரோஸ்லெட்டின் அம்மா
துரை செத்துக் கிடக்கிறார் என்று கத்தினாளாம்.
புயல் வந்த வருஷம்
மேற்கு ஓடெல்லாம் பறந்த ராத்திரி
நாற்பத்துமூன்று பேர் இந்தக் கூடத்தில்.
நனையாமல் இருந்தது தொட்டி மட்டும்.
அதில் சாக்கு விரித்து, சேலை விரித்து
ரோஸ்லெட் தங்கச்சியின் பன்னிரண்டு நாள் பிள்ளை தூங்கியது.
மழை நின்றதுகூட அதற்குத் தெரியாது.

போன மாசம் ராஜநாகம்.
ரப்பர் தோட்டத்தில் பிடித்தது,
காட்டில் விட விடியவேண்டும்.
மேலே பலகை, பலகைமேல் அம்மி.
"அண்ணைக்கு ஒருத்தருக்கும்
குளிக்கணும்னே தோணல்ல."

கூடத்துக்குத் திரும்பினேன்.
சோலார் விளக்கு, மடிக்கணினி, ஈரமான காலுறைகள்.
காமிரா எடுத்த படங்களை நகலெடுத்து
ஆணிகளில் மாட்டியிருந்தார்கள்:
கரடியின் முதுகு,
யாரோ ஒரு யானையின் பாதிக் காது,
வெளிச்சத்தில் கண் வெளுத்த மிளா.
பதினோராவது ஆணியில்
ஈச்சனின் மழைக்கோட்டு.

நிலை: நன்று, சுமார், இடிக்கத்தக்கது.
ஒன்றைச் சுழிக்கவேண்டும்.
பயன்பாடு: ஒரு சொல்லில்.
பேனாவை எடுத்தேன்; காகிதத்தில் ஓர் அட்டை
எழுந்து நின்று திசை தேடியது.
சுண்டிவிட்டேன்.
'உண்டு' என்று எழுதினேன்.
மேலதிகாரி திருப்பி அனுப்புவார். அனுப்பட்டும்.

"மேடம்," என்றாள் ரோஸ்லெட்,
"அந்தத் தொட்டி ஓட்டைக்கு ஒரு அடைப்பான்
எழுதிப் போடுங்க.
அத்தன வருஷமா
துணியத்தான் திணிக்கோம்."

கடைசிக் கட்டம்.
தேவைப்படும் பழுதுபார்ப்பு:
மேற்கு ஓடு, இருநூறு.
பூட்டு, ஒன்று.
அடைப்பான், ஒன்று. ஒன்றரை அங்குலம்.